காட்டுக் குளவிக்குப் பேர் வைத்தால் பப்பாளித் தோட்டத்துக்கு என்ன லாபம்?

'மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய குளவி இனம் கண்டுபிடிப்பு' என்று அவ்வப்போது நாளிதழில் ஒரு செய்தி வரும். நாலு வரி இருக்கும். பக்கத்தில் கண்ணாடி இறக்கையோடு ஒரு பூச்சிப் படம், வாயில் நுழையாத பேர். நாமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொப்பரை விலை என்ன, மஞ்சள் விலை என்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். சிங்காநல்லூர், இருகூர், சூலூர் பக்கம் பண்ணையம் பார்ப்பவருக்கு இந்தச் செய்தியால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் இன்றைக்குப் பப்பாளி விற்பனைக்கு வருகிறதென்றால், அதற்கு இப்படி ஒரு குளவிக்கு யாரோ எங்கோ பேர் வைத்ததும் ஒரு காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் மானாவாரி நிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். இந்தக் கட்டுரையில் காடு என்றால் சோளக்காடு இல்லை, மழைக்காடு.

2008 ஜூலையை நினைத்துப் பாருங்கள். கோவையில் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சி அப்பியது. முதலில் இலை, பிறகு காய், பிறகு தண்டு. மாவுப்பூச்சி நமக்குப் புதிதில்லை, வழக்கமான மருந்தை அடித்தால் போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு. முட்டையும் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருந்தது. மேலே விழுந்த மருந்து வழிந்து போனது. அடுத்த இரண்டு வருடத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு என்று பரவி மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, செம்பருத்தி, வரப்போரத் துத்தி, பார்த்தீனியம் என ஒன்றையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்த்தவர் பாடு இன்னும் மோசம். மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. பல தோட்டங்களில் பப்பாளி மரத்தை வெட்டிக் கொளுத்தியதுதான் மிச்சம்.

அந்தப் பூச்சியை ஒழிக்க வழி தேடியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது அதன் சரியான பேர். நம் ஊரில் மாவுப்பூச்சி என்று பொதுவாகச் சொல்வதில் பல இனங்கள் அடங்கும். வந்திருப்பது எது? அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரங்கசாமி முனியப்பன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அது 'பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்' என்று பதிவு செய்தார்கள். அந்த இனத்துக்கு 1992-ல்தான் முறையாகப் பேர் வைத்திருந்தார்கள். பேர் தெரிந்ததும் பூர்வீகம் தெரிந்தது: மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அந்த ஊர்களில் இந்தப் பூச்சி பெரிய தொல்லையாக இல்லை என்பதும் தெரிந்தது. அங்கே அதை அடக்கி வைக்கக் குளவிகள் இருந்தன.

அந்தக் குளவிகளுக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜான் நாய்ஸ் என்றொரு விஞ்ஞானி. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் காடுகளில் கிடைக்கும் மிகச் சிறிய குளவிகளை வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்து, பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர். முதல் தொகுதி 2000-ல் வந்தது. மாவுப்பூச்சிகளைத் தாக்கும் குளவிகளைப் பற்றியது அது. பப்பாளி மாவுப்பூச்சியின் எதிரிகளில் ஒன்றான 'அனகைரஸ் லோக்கி' அந்த ஆண்டில்தான் பேர் பெற்றது. 2003-ல் நாய்ஸும் அமெரிக்கரான மைக்கேல் ஷாஃபும் சேர்ந்து 'அசிரோபேகஸ் பப்பாயே', 'சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா' என்று இன்னும் இரண்டுக்குப் பேர் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அந்தக் கட்டுரையைப் படித்த தமிழ்நாட்டு விவசாயி ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். இருக்கவேண்டிய அவசியமும் இல்லை, நம் ஊருக்குப் பூச்சியே அப்போது வரவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2010-ல், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோரிகோ தீவிலிருந்து இந்த மூன்று குளவிகளும் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு வந்து சேர்ந்தன. இலங்கை ஒரு வருடம் முந்திக்கொண்டு 2009-லேயே கொண்டுவந்திருந்தது. பெங்களூரில் தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்து, நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் கேடு இல்லை என்று பார்த்த பிறகு, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பட்டு வளர்ப்புத் துறையும் மற்றவர்களும் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். மூன்றில் நம் மண்ணுக்கு நன்றாகக் கைகொடுத்தது அசிரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, வெளிறிய ஆரஞ்சு நிறக் குளவி. சின்னக் குப்பியில் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்கள், அவ்வளவுதான் வேலை. சில மாதங்களில் பப்பாளி துளிர்த்தது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து வருடத்தில் இதனால் கிடைத்த நன்மை குறைந்தது 52 கோடி டாலர் என்று கணக்கிட்டது. மருந்துக் கடைக்குப் போகாமல் மிஞ்சிய பணமும் அதில் உண்டு.

பேர் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் குச்சிக்கிழங்கு சாட்சி. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான மக்களுக்கு அதுதான் சோறு. 1977-ல் அதற்கு 'பீனகாக்கஸ் மானிஹோட்டி' என்று பேர் வைத்தார்கள். மரவள்ளியின் தாய்வீடு தென் அமெரிக்கா, ஆகவே எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனவர்களுக்கு, அந்தக் கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அச்சு அசல் அதேதான். அதன் குளவிகளைப் பிடித்து வளர்த்தால், ஆப்பிரிக்கப் பூச்சியை அவை தொடவே இல்லை. பிறகு நுணுக்கமாகப் பார்த்தால், கிடைத்தது வேறு இனம். 1981-ல் அதற்கு 'பீனகாக்கஸ் ஹெரனி' என்று தனிப் பேர் வைக்க வேண்டி வந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூச்சிகளைப் பிரித்தறிய முடியாததால் போன காலம், பசியில் இருந்தவர்களுக்குப் பெரிய காலம்.

உண்மையான பூச்சி அதே 1981-ல் பராகுவே நாட்டில் கிடைத்தது. அதோடு ஒரு குளவியும் கிடைத்தது: இன்று 'அனகைரஸ் லோபெசி' என்று சொல்கிறோமே, அது. அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாந்திஸ் 1964-லேயே அதை வர்ணித்துப் பேர் வைத்துவிட்டிருந்தார். மரவள்ளிப் பஞ்சம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்த வேலை. அந்தக் குளவியை நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். டி சாந்திஸுக்கு யாரும் பெரிதாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை!

அதே பூச்சி 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் தெரிந்தது. அடுத்து சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி. சேகோ ஆலையை நம்பிக் கிழங்கு நட்டவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இம்முறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 2021-ல் குளவி பெங்களூர் வந்தது. 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் வெளியே விட்டார்கள். 1964-ல் எழுதி வைத்த பேர் 58 வருடம் கழித்து நம் சேலத்துக்கு உதவியது.

இந்தக் குளவிகளை ஒட்டுண்ணி என்று நம் வேளாண் துறை சொல்கிறது. நம்மைக் கொட்டும் குளவி வேறு. இது முட்டையிடும் ஊசியால் புழுவுக்குள்ளோ, முட்டைக்குள்ளோ, மாவுப்பூச்சிக்குள்ளோ தன் முட்டையை வைக்கும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கடைசியில் கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்குக் கட்டுகிறோமே டிரைக்கோகிரம்மா அட்டை, அதில் இருப்பதும் இதே வகைதான். தென்னையில் கருந்தலைப் புழுவுக்கு விடும் பெத்திலிட் ஒட்டுண்ணிக்கும் 1934-லேயே பேர் வைத்துவிட்டார்கள்.

புது இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? காட்டில் கூடாரம் மாதிரி வலை கட்டுவார்கள், தரையில் மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் வைப்பார்கள். விழுந்ததைச் சாராயத்தில் போட்டு, நுண்ணோக்கியில் உணர்கொம்பில் எத்தனை கணு, இறக்கை நரம்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். உலகில் இதுவரை விவரித்த அத்தனையோடும் ஒப்பிட்டு, எதோடும் பொருந்தாவிட்டால்தான் புதிது. ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைத்துக் கட்டுரை வெளியிட வேண்டும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனத்தின் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். பூச்சிகளுக்கு அந்தப் பெங்களூர்ப் பணியகமும் ஒரு காப்பகம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் டி.சி.நரேந்திரன், அலிகர் பல்கலைக்கழகத்தின் முகமது ஹயாத் போன்றவர்கள் ஆயுள் முழுக்க இந்த ஒரே வேலையைச் செய்தார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று ஓர் ஆய்வகம் உண்டு.

வலையில் விழுந்த குளவிக்குப் பேர் வைப்பது பாதி வேலைதான் என்பது என் கருத்து. அது எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தெரியாவிட்டால் விவசாயிக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை. 2021-ல் கோஸ்டாரிகாவில் இருந்து ஒரே கட்டுரையில் 403 புதிய குளவி இனங்களை வெளியிட்டார்கள். மரபணுவை வைத்து வேகமாகச் செய்தது. இவ்வளவு சுருக்கமாக விவரித்தால் நாளைக்கு எப்படி அடையாளம் காண்பது என்று மற்ற விஞ்ஞானிகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் காட்டில் பல வருடங்களாகக் கம்பளிப்புழுக்களைச் சேகரித்து வளர்த்து, எந்தப் புழுவிலிருந்து எந்தக் குளவி வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையைவிட அந்தக் குறிப்பேடுதான் சொத்து. நம் ஆனைமலையிலும் சிறுவாணிக் காட்டிலும் அந்த மாதிரி நீண்ட நாள் வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். இதைப் படித்த பூச்சியியலாளர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடங்கள் நிரம்பாமல் கிடந்தால், நாளைக்கு ஒரு புதுப்பூச்சி வந்து நிற்கையில் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது?

'குளவிதானே, எதுவானாலும் நல்லதுதான், பிடித்து விடுவோம்' என்றும் நினைத்துவிட வேண்டாம். கல்யாண முருங்கை மரத்தில் இலையும் காம்பும் முண்டு முண்டாக வீங்கிக் காய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். மிளகுக் கொடி ஏற்றிய மரங்கள் அப்படிப் போயின. அதைச் செய்ததும் ஒரு குளவி: 2004-ல் பேர் பெற்ற 'குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே'. அதே ஆண்டில் பேர் பெற்ற இன்னொரு குளவி தைலமரக் கன்றுகளை முண்டு வைத்துக் கெடுத்தது. அந்தத் தைலமரக் குளவியைக் கொல்லும் ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது, 2008-ல் பேர் வைத்தார்கள்: 'குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி'. குடும்பப் பேரைப் பாருங்கள், இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பங்காளி மரத்தைக் கெடுக்கிறான், இன்னொரு பங்காளி மரத்தைக் காக்கிறான். ஒட்டுண்ணியையே தின்னும் ஒட்டுண்ணிகளும் உண்டு. தெரியாமல் அதைப் பெருக்கி விட்டால் நம் ஆளை நாமே கொன்ற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் யாரோ விற்கும் 'நன்மை செய்யும் பூச்சி' டப்பாவில் இனத்தின் பேரும் உற்பத்தி செய்த இடமும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்கிறேன்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது நினைவிருக்கும். இலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரும்பூசணம். அதற்கு எதிரி 'என்கார்சியா குவாடலூபே' என்ற குளவி. கரீபியக் கடலில் உள்ள குவாடலூப் தீவுதான் அந்தப் பேரில் இருக்கிறது. இந்தக் குளவியை யாரும் விமானத்தில் கொண்டுவரத் தேவைப்படவில்லை, வேறொரு வெள்ளை ஈயோடு முன்பே நம் நாட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. தென்னை ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈயின் கூட்டுப்புழு கறுத்துப் போய் இருந்தால், அதற்குள் குளவி வளர்கிறது. கறுத்த கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால், குளவி வெளியேறிவிட்டது. அப்படிப்பட்ட ஓலைகள் கண்ணில் பட்டால் அந்தத் தோப்பில் ரசாயன மருந்து அடிக்காதீர்கள். விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள்; மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள்; கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிக் கலந்து தெளித்தால் காய்ந்து உதிரும். கறுத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் கட்டுங்கள்.

பப்பாளியிலும் குச்சிக்கிழங்கிலும் மாவுப்பூச்சி தென்பட்டால், பஞ்சை விலக்கி உள்ளே பாருங்கள். பழுப்பு நிறத்தில் உப்பிப் போய், அசையாமல், நெல்மணி ஓடு மாதிரி கெட்டியாக இருப்பவை குளவி வைத்த பூச்சிகள். அவை நிறைய இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையையோ கேளுங்கள், குச்சிக்கிழங்குக்கு ஏத்தாப்பூர். கிழங்குக் குச்சியை வெளியூரிலிருந்து வாங்கும்போது பூச்சி இல்லாத வயலில் வெட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் வருவது பெரும்பாலும் நம் வண்டியில் ஏறித்தான்.

வளர்ந்த குளவிக்குச் சாப்பாடு பூந்தேன். வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, கொத்தமல்லி என்று ஏதாவது பூத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் தோட்டத்தில் தங்கும். வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடித்து வெறும் மண்ணாக வைத்திருந்தால் தங்காது. மாநகராட்சி 2017-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த சிங்காநல்லூர்க் குளத்துக் கரைப் புதரும் இந்தப் பூச்சிகளுக்குப் புகலிடம்தான். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி அதை மூடினால், நட்டம் பறவைக்கு மட்டும் இல்லை.

உங்களிடம் புதிதாக ஒரு பூச்சி வந்து, அதில் குளவி வைத்த மாதிரி தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள். பூச்சியோடு இலையை வெட்டி, கண்ணாடிப் புட்டியிலோ அகலமான பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு, வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். இறுக மூடிய பாலித்தீன் பையில் வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடித்து எல்லாம் கெட்டுவிடும். ஒரு துண்டுச் சீட்டில் பயிர், ஊர், தேதி, அதற்கு முன் என்ன மருந்து அடித்தீர்கள் என்று எழுதி உள்ளே போடுங்கள்; மை கரையாமல் இருக்கப் பென்சிலால் எழுதுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குளவி வந்தால் துணியை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். சிங்காநல்லூரிலிருந்து வேளாண் பல்கலைக்கழகம் நகரப் பேருந்தில் போய்விடக்கூடிய தூரம்தான். வேலை முடிந்ததும், நேரமிருந்தால், அங்கேயே 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளோடு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம்.